பின் சீட்டில் ஒரு செஞ்சிப் பயணம்!

ஸ்போர்ட்ஸ் செடான் காரை நாம எங்கேருந்து பார்ப்போம்? சிக்னல்ல பைக்கை நிறுத்திட்டு வாயைப் பிளந்து பார்ப்போம். இல்லைன்னா, ஸ்டியரிங் பின்னாடி உட்கார்ந்து பார்ப்போம் (கனவுலதான்!). ஆனா, அதே காரோட பின் சீட்டுல, அதுவும் நடு சீட்டுல, ரெண்டு பேருக்கு இடையில சாண்ட்விச் மாதிரி உட்கார்ந்து தாம்பரத்துலேருந்து செஞ்சி வரைக்கும் போன அனுபவம் உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு? எனக்கு இருக்கு. என் முட்டிக்கும் இருக்கு!

'ஏதாவது ஊருக்குப் போய்ட்டு வந்து எழுதுப்பா'னு ஆபீஸ்ல சொன்னப்போ என் பர்ஸ்ல இருந்தது நூத்தி எண்பது ரூபாய். பஸ்ல போனா திரும்பி வர நடக்கணும். அந்த நேரம் பார்த்துதான் கிளாஸ்மேட் போன் பண்ணான்.

"மச்சி, சித்தப்பா கார்ல செஞ்சி போறோம். பாட்டிக்குக் குலதெய்வக் கோயில்ல பொங்கல் வைக்கணுமாம். அப்படியே கோட்டையும் பார்க்கலாம். ஒரு சீட் காலி. வர்றியா?"

'ஒரு சீட் காலி'ங்கறதுல இருந்த வில்லங்கம் அப்போ எனக்குத் தெரியாது.

சித்தப்பாவின் காதலி

சித்தப்பா ஏழு மாசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கார் அது. எந்த கம்பெனின்னு கேட்காதீங்க, எழுதினா சித்தப்பா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டார். வெளிநாட்டு பிராண்ட். முன்னாடி இன்ஜின், பின் சக்கரத்துல டிரைவ். இருபது வருஷமா அந்த கார் படத்தைப் பர்ஸ்ல வெச்சிருந்தவராம். சித்தி படம் அதுக்குப் பின்னாடிதான் இருந்துச்சாம்!

காலையில ஆறு மணி. தாம்பரம். டீம் இதுதான்: ஸ்டியரிங்ல சித்தப்பா. அவர் பக்கத்துல 'நெட்டை' (ஆறடி ரெண்டு அங்குலம், எங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீம்). பின்னாடி வலது பக்கம் பாட்டி. இடது பக்கம் கிளாஸ்மேட். நடுவுல... அடியேன்.

பாட்டியை முன்னாடி உட்கார வைக்கத்தான் முதல்ல பார்த்தோம். ஸ்போர்ட்ஸ் சீட் பாருங்க, ரெண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி தூக்கிட்டு நிக்குது. வளைவுல ஆள் சரியாம இருக்க அது நல்லதுதான். மூட்டு வலியோட இருக்கிற எழுபத்தி மூணு வயசுக்கு அந்தக் கரையைத் தாண்டி உள்ளே இறங்குறதே ஒரு மலையேற்றம். ஒருவழியா உட்கார்ந்தவங்க, எதிர்ல ஒரு தண்ணி லாரி திரும்பினதைப் பார்த்து, "யப்பா, மேலயே வர்றான்டா! நான் பின்னாலயே குந்திக்கிறேன். எம்மவன் முதுகு தெரிஞ்சா போதும்"னு இறங்கிட்டாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு கூத்து. பாட்டிக்கு பெல்ட் போடணும்னா கொக்கி மாட்டுற பூட்டைக் காணோம்! புது சீட் கவர் போட்டப்போ மூணு பூட்டையும் அடியில தள்ளித் தைச்சுட்டாங்க. என் பையில இருந்த ஸ்டீல் ஸ்கேலை விட்டு நோண்டி வெளியே எடுத்தேன். மெக்கானிக்கல் படிச்சதுக்கு முதல் பிரயோஜனம்!

சிரிக்கிற விஷயம் இல்ல மக்களே. பின் சீட்டுல இருக்கறவங்களும் பெல்ட் போடணும்ங்கறது சட்டம். போடலைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குப் போற வழியில பால்கர் பக்கத்துல விபத்துல இறந்தப்போ, பின் சீட்டுல இருந்த அவர் பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது நாடு பூரா பேச்சாச்சு. பெல்ட் போடாத ஆள், வண்டி சடார்னு நின்னா, வண்டி போன அதே வேகத்துல முன் சீட்டு முதுகுல போய் மோதுவார். அவருக்கும் ஆபத்து, முன்னாடி இருக்கறவருக்கும் ஆபத்து. நியூட்டன் தாத்தாவுக்கு முன் சீட், பின் சீட் பேதமெல்லாம் கிடையாது.

மலைக்கு முன்னாடியே ஒரு மலை!

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வந்ததும் சித்தப்பா ஆக்சிலேட்டரை லேசா அழுத்தினார். அடடா... முதுகை சீட்டோட ஒட்டவெச்ச மாதிரி ஒரு உந்துதல். முன் சீட்டுல நெட்டை "செம சித்தப்பா!"னு கத்துறான். எனக்கு அந்த சந்தோஷத்தை அனுபவிக்க நேரமில்ல. என் ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு மலை இருந்துச்சு.

அந்த மலை ஏன் அங்க இருக்கு? இந்த மாதிரி கார்ல இன்ஜின் நீளவாக்குல உட்காரும். அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ். அங்கேருந்து பின் சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோக ஒரு நீளமான ஷாஃப்ட், காரோட நட்ட நடுவுல ஓடும். அது ஓடத் தரைக்கு நடுவுல ஒரு சுரங்கம் வேணும். வெளியேருந்து பார்த்தா சுரங்கம், உள்ளேருந்து பார்த்தா மேடு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால். குதிரை மேல உட்கார்ந்த மாதிரிதான். என்ன, இந்தக் குதிரைக்கு முதுகு கொஞ்சம் கட்டை! நடு சீட்டும் மெத்துமெத்துன்னு இருக்காது. ரெண்டு ஓரத்துக்கும்தான் குழி எடுத்து மெத்தை போட்டிருப்பாங்க. நடுவுல மிச்சம் இருக்கிற திட்டுதான் அஞ்சாவது ஆளுக்கு.

சாதாரண குடும்ப கார்கள்ல இன்ஜின் குறுக்குவாக்குல இருக்கும். முன் சக்கரமே இழுத்துட்டுப் போயிடும். பின்னாடிக்கு ஷாஃப்ட் வேண்டாம். 1959ல அலெக் இஸிகோனிஸ்னு ஒரு இன்ஜினீயர் இங்கிலாந்தில் மினி காரை வடிவமைச்சப்போ செஞ்ச வேலை இதுதான். இன்ஜினைத் திருப்பிப் போட்டதுல மூணு மீட்டர் கார்ல நாலு பேருக்கு இடம் வந்துடுச்சு. இன்னிக்கு நம்ம ரோட்டுல ஓடுற பெரும்பாலான சின்ன கார்கள் அந்த வழியிலதான் வந்தவை.

அப்போ ஸ்போர்ட்ஸ் செடான்காரங்களுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். முன் சக்கரம் திரும்புற வேலையை மட்டும் பார்க்கட்டும், தள்ளுற வேலையைப் பின் சக்கரம் பார்க்கட்டும்னு வேலையைப் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. எடையும் முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு சமமா வரும். ஓட்டுறவர் கையில அது தேன். நடு சீட்டுல இருக்கறவன் காலுல அது மேடு. ஒரே ஷாஃப்ட்தான்!

கூடுவாஞ்சேரி தாண்டும்போது பாட்டி மெதுவா சொன்னாங்க: "ஏம்பா, தரையில குந்தின மாதிரி இருக்குதே."

எல்லாரும் சிரிச்சோம். அது எவ்வளவு பெரிய இன்ஜினீயரிங் உண்மைன்னு அப்போ எனக்கே உறைக்கல.

பரனூரில் 110 மில்லிமீட்டர்

மறைமலை நகர் வந்ததும் சித்தப்பா ஃப்ளாஷ்பேக்குக்குப் போயிட்டார். ஃபோர்டு தொழிற்சாலை இருந்த ஊர். 1999ல வந்த ஐகான் இங்கதான் தயாராச்சு. 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் பண்ணி அந்தக் காலத்துக் காலேஜ் பசங்களைக் கிறுக்குப் பிடிக்க வெச்ச கார். 2022ல இங்க கார் தயாரிப்பு நின்னுடுச்சு. சித்தப்பா ஒரு நிமிஷ மௌன அஞ்சலி செலுத்தினார், அறுபதுல போயிட்டே!

அடுத்து பரனூர். டோல்கேட் கிட்ட இருக்கிற மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள்ளதான் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கு. 2007 மார்ச்ல திறந்தாங்க. அங்க முதல்ல கோர்த்த கார்கள்ல ஒண்ணு '3 சீரிஸ்'. காம்பாக்ட் ஸ்போர்ட்ஸ் செடான்னா உலகம் பூரா முதல்ல ஞாபகத்துக்கு வர்ற பேர். அது என்ன 'காம்பாக்ட்'? இப்போதைய 3 சீரிஸ் 4.7 மீட்டர் நீளம். நம்ம அம்பாஸடரே 4.3 மீட்டர்தான். வெளிநாட்டுக்காரங்க சின்னதுன்னு சொல்றது நம்ம தெருவுல திரும்புறதுக்கே ரெண்டு ரிவர்ஸ் எடுக்கும்!

இந்த காரோட வரலாறே பின் சீட்டோட வரலாறுதான். 1975ல முதல் 3 சீரிஸ் வந்தப்போ அதுக்கு மொத்தமே ரெண்டு கதவு. பின்னாடி போகணும்னா முன் சீட்டை மடக்கிட்டு, உடம்பையும் மடக்கிட்டு நுழையணும். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை வீல்பேஸ்னு சொல்வாங்க. ஆளுங்க உட்கார்ற இடம் பெரும்பாலும் அதுக்குள்ளதான் வரும். முதல் காருக்கு அது 2,563 மில்லிமீட்டர். 2019 மாடலுக்கு 2,851. கிட்டத்தட்ட ஒரு அடி கூடியிருக்கு.

அதுவும் நம்ம ஊருக்குப் போதலை. ஏன்? ஜெர்மனியில இந்த காரை வாங்குறவர் தானே ஓட்டுவார். அதுக்குத்தானே வாங்குறார்! பின் சீட்டு அவர் குழந்தைக்கும் கோட்டுக்கும். சீனாவுலயும் இந்தியாவுலயும் காசு கொடுத்து வாங்குறவர் பல நேரம் பின்னாடி இருக்கார். டிரைவர் முன்னாடி இருக்கார். அதனால 2012லயே சீனாவுக்குன்னு நீட்டின 3 சீரிஸ் வந்துடுச்சு. 2021 ஜனவரியில இந்தியாவுலயும் 'கிரான் லிமோசின்'ங்கற பேர்ல நீள 3 சீரிஸை இறக்கினாங்க. வீல்பேஸ் 2,961. அதாவது 110 மில்லிமீட்டர் கூடுதல். உங்க உள்ளங்கையைக் குறுக்கே வெச்சுப் பாருங்க, அதைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். கோர்த்தது இதே பரனூர்ப் பக்கத்துலதான்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, 2021 மார்ச்ல, அதே தொழிற்சாலையிலேருந்து இன்னொரு 3 சீரிஸ் வந்தது. எம்340ஐ. ஆறு சிலிண்டர், 387 குதிரைசக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில தொட்டுடும். அதுக்கு நீட்டின வீல்பேஸ் கிடையாது. பழைய 2,851தான். ஒரே கூரை. ஓட்டணும்னு வாங்குறவருக்குக் குட்டை கார். உட்காரணும்னு வாங்குறவருக்கு நீள கார்.

ஏன் ரெண்டையும் ஒரே கார்ல கொடுக்க முடியலை? வீல்பேஸ் நீண்டா வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். வளைவுல குட்டை வண்டிக்கு இருக்கிற துறுதுறுப்பு குறையும். குட்டை வண்டின்னா பின்னாடி இருக்கறவங்க பின் அச்சுக்குப் பக்கத்துலயே உட்காரணும். பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர்ல பறந்திருக்கீங்களா? அந்தக் கதைதான், கொஞ்சம் டீசன்ட்டா! முன்னாடி இருக்கறவரோட துள்ளலும் பின்னாடி இருக்கறவரோட தூக்கமும் ஒரே டேப்போட ரெண்டு முனை. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு போகும்.

இதையெல்லாம் நான் சீரியஸா விளக்கிட்டு இருக்கேன். பாட்டி கண்ணை மூடிட்டு இருந்தாங்க. தூங்குறாங்கன்னு நினைச்சேன். தூங்கலை. வலியைப் பொறுத்துட்டு இருந்திருக்காங்க.

மதுராந்தகத்தில் ஒரு டீ

செங்கல்பட்டு கொளவாய் ஏரி வெயில்ல மினுமினுத்தது. பாலாறு வழக்கம்போல மணலாறா இருந்தது. மதுராந்தகம் நெருங்கும்போது பாட்டி சித்தப்பா தோளைத் தொட்டாங்க.

"சாமி, எங்கனாச்சும் நிறுத்துப்பா. காலு மரத்துப் போச்சு."

ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு டீக்கடை. சித்தப்பா இறங்கிக் கதவைத் திறந்தார். பாட்டியால உடனே இறங்க முடியலை. பின் கதவு குட்டை. கதவுக்கு அடியில சக்கரத்தோட வளைவு வந்து இடத்தைத் தின்னுடுது. பாதத்தைத் திருப்பி வெளியே வைக்கணும்னா முட்டியை மடக்கணும். மடக்க இடம் இல்லை, முன் சீட்டு முட்டுது. ரெண்டு பேர் கையைப் பிடிச்சு, தலை கூரையில இடிக்காம அணைச்சு, மெதுவா வெளியே கொண்டுவந்தோம். நாலு நிமிஷம் ஆச்சு.

டீயை ஊதிக் குடிச்சுட்டே பாட்டி யாரையும் பார்க்காம, சாதாரணமா சொன்னாங்க: "பஸ்லயே வந்திருப்பேன். ஜன்னலோரம் குந்திக்கினு காலை நீட்டிக்கினு. இவன்தான் எங்கார்ல வா, எங்கார்ல வான்னு..."

அதுல கோபம் இல்ல. குறையும் இல்ல. ஆனா, சித்தப்பா கையில இருந்த டீ ஆறிப்போச்சு. இருபது வருஷக் கனவு. அம்மாவை அதுல உட்கார வெச்சு சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்கறதும் அந்தக் கனவுல சேர்த்திதானே? அவர் பேசாம டயரையே பார்த்துட்டு இருந்தார்.

நான் என்ன பண்றதுன்னு தெரியாம பையிலேருந்து டேப்பை எடுத்தேன் (சிவில் டிபார்ட்மென்ட் நண்பனோடது. இன்னும் திருப்பித் தரலை, மன்னிச்சுக்கோ மச்சி). பாட்டி முட்டி இருந்த இடத்துக்கும் டிரைவர் சீட்டு முதுகுக்கும் நடுவுல அளந்தேன். 2 சென்டிமீட்டர். ஒரு விரல் சப்பையா நுழையும். சித்தப்பாவுக்கு எண்ணைச் சொல்லலை. ஆனா, அவர் பார்த்துட்டார்.

தரையில குந்தின மாதிரி

திண்டிவனம் வரைக்கும் கார்ல சத்தமே இல்ல. எனக்கு மட்டும் பாட்டி சொன்ன வார்த்தை மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. 'தரையில குந்தின மாதிரி.'

அங்கதான் பல்ப் எரிஞ்சது. அம்பாஸடர் ஞாபகம் இருக்கா? 2014ல உற்பத்தி நின்னுபோன அந்த காரோட பின் சீட்டு சோபா மாதிரி இருக்கும்னு பெரியவங்க எல்லாரும் சொல்வாங்க. அதுவும் பின் சக்கர டிரைவ்தான். அதோட வீல்பேஸ் எவ்வளவு தெரியுமா? 2,464 மில்லிமீட்டர்! இப்போதைய 3 சீரிஸைவிட 387 மில்லிமீட்டர் குறைவு. அப்போ இடம் எங்கேருந்து வந்தது?

உயரத்துலேருந்து! நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. முட்டி மடங்கிக் கால் கீழே தொங்கும். முதுகுலேருந்து முட்டி வரைக்கும் இருக்கிற நீளம் போதும். இப்போ தரையில முதுகைச் சுவத்துல சாய்ச்சு உட்காருங்க. காலை நீட்டணும், இல்லைன்னா முட்டியை முகத்துக்கு நேரா தூக்கணும். உயரம் குறைஞ்சா நீளம் அதிகமா வேணும். அம்பாஸடர் கிட்டத்தட்ட 1.6 மீட்டர் உயரம், நாற்காலி மாதிரி உட்காரலாம். ஸ்போர்ட்ஸ் செடான் 1.4 சொச்சம்தான். காத்தைக் கிழிக்கணும், வளைவுல சாயாம நிக்கணும்னு தாழ்வா பண்ணுவாங்க. போதாததுக்கு முன்னாடி பெரிய இன்ஜினுக்கு நீளமா மூக்கு, பின்னாடி டிக்கி. நடுவுல மிச்சம் இருக்கறதுல டிரைவர் காலை நீட்டி சாய்ஞ்சுக்குவார். அவர் எடுத்தது போக மிச்சம்தான் பின்னாடி.

கார் டிசைனர்கள் இதை இடுப்பு உயரக் கணக்குன்னு வெச்சு பக்கம் பக்கமா வரைவாங்க. பாட்டி ஒரே வரியில சொல்லிட்டாங்க!

ராஜா குதிரைக்குப் பின் சீட் இல்லை

திண்டிவனத்துல ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுத் திரும்பினா இருபத்தெட்டு கிலோமீட்டர்ல செஞ்சி. ஊர் வர்றதுக்கு முன்னாடியே பாறைங்க வந்துடும். யாரோ ராட்சசன் கூழாங்கல்லைக் கொட்டிட்டுப் போன மாதிரி குன்று குன்றா. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் மதிலால கோர்த்து ஒரே கோட்டையா கட்டியிருக்காங்க. 1677ல சிவாஜி பிடிச்ச கோட்டை. மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகள்ங்கற தலைப்புல 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, அதுல பதினோரு கோட்டை மகாராஷ்டிராவுல. மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி!

கோயில்ல பொங்கல் பொங்கி, சர்க்கரைப் பொங்கலை வாழை இலையில வாங்கி ஒரு பிடி பிடிச்சுட்டு, மதியம் கோட்டைக்கு வந்தோம். பாட்டியும் சித்தப்பாவும் கீழே மரத்தடியில. நாங்க மூணு பேரும் ராஜகிரிப் படி ஏறினோம். முட்டி கடகடன்னு ஆடுச்சு. காரணம் படியா, நடு சீட்டான்னு ஆராய்ச்சி பண்ணலை.

மேலேருந்து பார்த்தா கல்யாண மகால் தீப்பெட்டியை அடுக்கின மாதிரி தெரியுது. 1714ல ஆற்காடு நவாப் படையை எதிர்த்து சின்ன வயசுலயே செத்துப்போன தேசிங்கு ராஜா ஆண்ட இடம். அவர் குதிரையைப் பத்தி ஊர்ல ஆயிரம் கதை. "மச்சி, அதுதான்டா ஒரிஜினல் ஸ்போர்ட்ஸ் மாடல். சிங்கிள் சீட்டர். பின்னாடி யாரு உட்கார்றதுன்னு பஞ்சாயத்தே இல்ல"னான் நெட்டை. காத்துல சிரிச்சுட்டே இறங்கினோம்.

கீழே வந்தா, பாட்டி மரத்தடியில கட்டைச் சுவர்ல உட்கார்ந்து வேர்க்கடலை உரிச்சுட்டு இருக்காங்க. சித்தப்பாவைக் காணோம். தேடினா, கார்ல இருக்கார். டிரைவர் சீட்டுல இல்ல. அதுக்குப் பின்னாடி. பாட்டி உட்கார்ந்த இடத்துல. முட்டி ரெண்டும் முன் சீட்டுல இடிச்சுட்டு, கையை மடியில வெச்சுட்டு, சும்மா உட்கார்ந்திருக்கார்.

எங்களைப் பார்த்ததும் சொன்னார்: "ஏழு மாசமா வெச்சிருக்கேன்டா. இங்க ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்ல."

அப்புறம் இறங்கி, "உன் டேப்பை எடு"ன்னார்.

அஞ்சு க்ளிக்

மரத்தடியில ஒரு இன்ஜினீயரிங் லேப் ஆரம்பமாச்சு. சித்தப்பா சீட்டு முதுகு கிட்டத்தட்ட ஈஸிசேர் மாதிரி சாய்ஞ்சிருந்தது. முதல்ல அதை நிமிர்த்தினோம். அதுலயே பின்னாடி மூணு சென்டிமீட்டர் கிடைச்சது. அப்புறம் சீட்டை முன்னாடி நகர்த்தினோம். க்ளிக்... க்ளிக்... ரொம்பவும் போகக் கூடாது. ஏர்பேக் இருக்கிறதால நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல குறைஞ்சது 25 சென்டிமீட்டர் வேணும். அளந்து பார்த்தோம், 31 இருந்தது. அஞ்சு க்ளிக்ல நிறுத்தினோம். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினதுல, பாட்டி பாதம் நுழைய அடியில இடமும் வந்துடுச்சு.

பின்னாடி அளந்தேன். 2 சென்டிமீட்டர் இருந்த இடத்துல 10.

அதாவது 100 மில்லிமீட்டர்! தொழிற்சாலையில காரையே நீட்டினது 110. எங்க சித்தப்பா செலவே இல்லாம எண்பதைக் கொடுத்துட்டார்!

'அப்போ எதுக்கு நீள கார்?'னு கேட்காதீங்க. சித்தப்பாவோட கைகால் வசதியைக் கழிச்சுத்தான் அந்த எண்பது வந்தது. நீள கார்ல யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த விட்டுக்கொடுத்தலுக்கான காசைத்தான் லட்சக்கணக்குல வாங்குறாங்க.

கடைசியா பாட்டியை உட்கார வெச்சோம். காலை முன்னாடி நீட்டிப் பார்த்தாங்க. பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ஒரு கை வேர்க்கடலையை எடுத்து மகன் கையில வெச்சாங்க.

என் மேடு மட்டும் அப்படியே இருந்தது. அதை எந்த க்ளிக்காலயும் நகர்த்த முடியாதே!

திரும்பும்போது

திரும்பி வர்றப்போ சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். டிரைவிங் ஸ்கூல்ல முதல் நாள் வந்தவர் மாதிரி இருக்குன்னு கிளாஸ்மேட் கலாய்ச்சான். ஆக்சிலேட்டரைக் காலையில மாதிரி அழுத்தலை. அச்சிறுபாக்கம் தாண்டும்போது பாட்டி தலை என் தோள்ல சாய்ஞ்சது. இந்தத் தடவை நிஜத் தூக்கம். வாய் லேசா திறந்து, குறட்டைகூட வந்தது.

பரனூர் டோல்கேட்ல வண்டி நின்னப்போ சித்தப்பா கண்ணாடியில பின்னாடி பார்த்தார்.

"அம்மா தூங்கிட்டாங்களா?"

"தூங்கிட்டாங்க சித்தப்பா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா, அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே... இன்ஜின் சத்தத்தைக் கேட்டு காலையில சிரிச்ச சிரிப்பைவிடப் பெரிசு.

நம்மள்ல பாதிப் பேர் வேலை கிடைச்சதும் முதல்ல கனவு காணப்போறது இந்த மாதிரி ஒரு காரைத்தான். தப்பே இல்ல. ஆனா, டெஸ்ட் டிரைவ் போறப்போ ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. முன் சீட்டை உங்களுக்குத் தோதா போட்டுக்கோங்க. அப்புறம் இறங்கி, அதை நகர்த்தாம, உங்களுக்கு நீங்களே பின்னாடி போய் உட்காருங்க. பத்து நிமிஷம். முட்டி எங்க இருக்கு, பாதம் எங்க நுழையுது, பெல்ட் பூட்டு கைக்கு எட்டுதான்னு பாருங்க. ஷோரூம்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துட்டுப் போகட்டும். அந்த சீட்டுல நாளைக்கு உட்காரப் போறது அவர் இல்ல. உங்க அம்மா.

தாம்பரத்துல இறங்குறப்போ பாட்டிகிட்ட கேட்டேன். "பாட்டி, அடுத்த வருஷம் பொங்கல் வைக்க பஸ்லயா, கார்லயா?"

பாட்டி புடவையை உதறிக்கிட்டே மகனை ஒரு பார்வை பார்த்தாங்க.

"அவன் இப்படியே நிமிந்து குந்தி ஓட்டுனான்னா, கார்லயே வரேன். ஆனா, நடுவுல நீதான் குந்தணும்!"